முட்டுச்சந்துகள் பெருகும் விதம்: நகரம் விரியும்போது தெருக்களின் இணைப்பு எப்படி மாறுகிறது?

1666 செப்டம்பரில் லண்டன் நகரின் மையப்பகுதி பற்றி எரிந்தது. 13,000-க்கும் மேற்பட்ட வீடுகளும் 87 தேவாலயங்களும் அழிந்தன. தீ அடங்கிய சில நாட்களிலேயே கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் ஒரு புதிய நகரத்தின் வரைபடத்தை மன்னர் இரண்டாம் சார்லஸிடம் கொடுத்தார். அகன்ற நேர்ச்சாலைகள், அவை கூடும் சதுக்கங்கள் என்று அழகான திட்டம் அது. ஜான் ஈவ்லினும் தம் பங்குக்கு ஒன்றை வரைந்து தந்தார். எதுவும் நிறைவேறவில்லை. வீடுகள்தான் சாம்பலாகியிருந்தன, சாம்பலுக்கு அடியில் ஒவ்வொரு மனைக்கும் உரிமையாளர் இருந்தார், எல்லை இருந்தது. சில தெருக்கள் அகலமாயின, ஓரிரு தெருக்கள் புதிதாகப் பிறந்தன. மற்றபடி பழைய தடத்திலேயே நகரம் மறுபடியும் எழுந்தது.

1906 நிலநடுக்கத்துக்குப் பின் சான் பிரான்சிஸ்கோவிலும் இதே கதைதான். டேனியல் பர்னம் தலைமையில் உருவான புதிய நகரத் திட்டம் அதற்கு முந்தைய ஆண்டே கைவசம் இருந்தும், ஊர் பழைய தெருக்களின் மேல்தான் கட்டப்பட்டது. 1755 நிலநடுக்கத்துக்குப் பின் லிஸ்பனின் தாழ்வான மையப்பகுதி மட்டும் நேர்க்கோட்டுத் தெருக்களாக மாறியதற்குக் காரணம், மன்னரின் முழு அதிகாரத்தையும் கையில் வைத்திருந்த பொம்பால் என்ற அமைச்சர். அத்தகைய அதிகாரம் எல்லா ஊருக்கும் வாய்ப்பதில்லை. வாய்க்க வேண்டும் என்று ஆசைப்படுவதும் சரியில்லை.

பேரழிவே மாற்ற முடியாத ஒன்றைச் சாதாரணக் காலம் எப்படி மாற்றும்? கட்டடங்கள் இடிக்கப்படும், உயரும், கைமாறும். தெருவின் கோடு மட்டும் நூற்றாண்டுக் கணக்கில் அங்கேயே கிடக்கும். நகர வளர்ச்சி என்றதும் நாம் மேம்பாலங்களையும் மெட்ரோ ரயிலையும் அடுக்குமாடிகளையும் பற்றியே பேசுகிறோம். நகர எல்லைக்கு வெளியே, இன்னும் பயிர் நிற்கும் நிலத்தின் மீது யாரோ போடும் மனைப்பிரிவு வரைபடத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அடுத்த நூறு ஆண்டுகளுக்கு அங்கே மக்கள் நடப்பார்களா, பஸ் வருமா, ஆம்புலன்ஸ் எவ்வளவு நேரத்தில் வந்து சேரும் என்பதெல்லாம் பெரும்பாலும் அந்தத் தாளிலேயே முடிவாகிவிடுகிறது.

இணைப்பை அளப்பது எப்படி?

தெருக்களின் இணைப்பை அளக்கப் பல வழிகள் உண்டு. எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒரே கேள்வி: ஒரு சந்திப்பில் நின்றால் எத்தனை பக்கம் போகலாம்? நாற்சந்தியில் நான்கு, முச்சந்தியில் மூன்று, முட்டுச்சந்தில் வந்த வழி ஒன்றே. ஒரு பகுதியில் உள்ள எல்லாப் புள்ளிகளுக்கும் இந்த எண்ணைக் கூட்டிச் சராசரி எடுத்தால், அங்குள்ள தெருக்களின் குணம் ஓரளவு பிடிபட்டுவிடும். ஒரு சதுர கிலோமீட்டரில் எத்தனை சந்திப்புகள் உள்ளன, முட்டுச்சந்துகளின் பங்கு எவ்வளவு, இரண்டு இடங்களுக்கு இடையே நேர்த்தூரத்தைவிட எத்தனை மடங்கு சுற்ற வேண்டியிருக்கிறது என்பவை கூடுதல் அளவுகள்.

ஒரு தாளில் வரிசைக்கு நான்காக நான்கு வரிசையில் 16 புள்ளிகள் வையுங்கள். பக்கத்துப் புள்ளிகளையெல்லாம் கோட்டால் இணைத்தால் 24 தெருத்துண்டுகள் கிடைக்கும். ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குச் சுற்றாமல் போக ஆறு துண்டுகளைக் கடக்க வேண்டும். அப்படிப் போக 20 வழிகள் உண்டு. இப்போது கவனமாகத் தேர்ந்து ஒன்பது துண்டுகளை அழித்துவிடுங்கள். மிச்சமுள்ள 15 துண்டுகளை வைத்துக்கொண்டே எல்லாப் புள்ளிகளையும் எட்டலாம். எந்த வீட்டுக்கும் வழி அடைபடவில்லை. ஆனால் எந்த இரண்டு புள்ளிகளுக்கு இடையிலும் இனி ஒரே ஒரு வழிதான். வலையாக இருந்தது மரமாகிவிட்டது: கிளையிலிருந்து பக்கத்துக் கிளைக்குப் போக அடிமரம் வரை இறங்கி ஏற வேண்டும்.

மனை விற்பவரின் பார்வையில் அந்த ஒன்பது துண்டுகள் வீண்செலவு. தெருவுக்கு விடும் நிலத்தை விற்க முடியாது. ஒவ்வொரு மனைக்கும் ஒரு வாசல், ஒரு தெரு இருந்தால் போதும். அவர் கணக்கு தவறென்று சொல்ல முடியாது. அந்த ஒன்பது துண்டுகளின் பயன், மனை வாங்குபவரைவிட அக்கம்பக்கத்தில் இருப்பவர்களுக்கும், நாளை வரப்போகிறவர்களுக்கும், நகரம் முழுமைக்கும்தான் போய்ச் சேர்கிறது. அதனால்தான் விற்பவர், வாங்குபவர் இருவருமே அதற்குப் பணம் கொடுக்க முன்வருவதில்லை.

சுற்றின் அளவையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். சீரான சதுரக் கட்டத் தெருக்களில், எல்லாத் திசைகளுக்கும் சராசரியாக, நேர்த்தூரத்தைவிட 27 சதவீதம் கூடுதலாக நடக்க நேரும். மிக மோசமான கோணத்திலும் 41 சதவீதத்தைத் தாண்டாது. மரவடிவத் தெருக்களில் இதற்கு உச்சவரம்பே இல்லை. முதுகோடு முதுகாக ஒட்டிய இரண்டு மனைப்பிரிவுகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் 400 மீட்டர் நீளம். ஒன்றின் வாசல் கிழக்குப் பிரதான சாலையில், மற்றதன் வாசல் மேற்குப் பிரதான சாலையில். நடுவே ஒரு மதில். மதிலின் இருபுறமும் உள்ள கடைசி வீடுகளுக்கு இடையே 20 மீட்டர்தான். ஆனால் ஒரு வீட்டிலிருந்து மற்ற வீட்டுக்குப் போக வாசல் வரை 400 மீட்டர், அங்கிருந்து இரண்டு பிரதான சாலைகளையும் இணைக்கும் குறுக்குச் சாலை வரை 600, அந்தச் சாலையின் நீளம் 800, மறுபக்கம் திரும்பவும் 600, உள்ளே 400 என்று மொத்தம் 2,800 மீட்டர் ஆகிறது. 140 மடங்கு. மதிலில் மூன்று மீட்டர் அகலத்துக்கு ஒரு நடைவழி திறந்தால் இந்தக் கணக்கு முழுவதும் இல்லாமல் போய்விடும்.

விளிம்பில் நடப்பது

நகரம் வளரும்போது தெருக்கள் இரண்டு விதமாகப் பெருகுகின்றன. ஒன்று, வெளியே நீளுதல்: இதுவரை தெரு இல்லாத நிலத்துக்குள் புதிய தெரு நுழைகிறது. இன்னொன்று, உள்ளே நெருங்குதல்: ஏற்கெனவே உள்ள தெருக்களுக்கு நடுவே குறுக்குத் தெரு விழுந்து பெரிய கட்டங்களைச் சிறிதாக்குகிறது. இத்தாலியில் மிலானுக்கு வடக்கே உள்ள குரோவானே வட்டாரத்தின் பழைய நிலப்படங்களை 1833 முதல் 2007 வரை ஒப்பிட்டு 2012-ல் ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அந்த வட்டாரத்தின் தெருவமைப்பு முழுவதும் இந்த இரண்டு செயல்களால் உருவானதாக அவர்கள் காட்டினார்கள். தொடக்கத்தில் நீளுதலுக்கு முக்கிய இடம்; போகப்போக நெருங்குதல் மேலோங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இருந்த பழைய சாலைகள்தான் இன்றும் அந்த வலையின் முதுகெலும்பு.

முட்டுச்சந்து தன்னளவில் நோய் அல்ல என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம். வளரும் எந்த ஊரின் விளிம்பிலும் முட்டுச்சந்துகள் இருந்தே தீரும். தெரு அங்கே முடியவில்லை, நின்றிருக்கிறது, அவ்வளவுதான். பக்கத்து நிலமும் மனையாகும்போது அது நீண்டு, அடுத்த தெருவோடு கைகோக்கும். அதற்குள் விளிம்பு இன்னும் வெளியே நகர்ந்து, அங்கே புதிய முட்டுச்சந்துகள் தோன்றியிருக்கும். எந்தக் காலத்தில் பார்த்தாலும் ஊரின் ஓரத்தில் இணைப்பு குறைவாகவும் நடுவில் அதிகமாகவும் இருப்பதற்கு இந்த இயல்பான வளர்ச்சியும் ஒரு காரணம்.

கடந்த நூற்றாண்டில் மாறியது வேறு. முடிக்கப்படாமல் நின்ற தெருவின் இடத்தில், முடிவாக அடைக்கப்பட்ட தெரு வந்தது. விளிம்பு நகர்ந்து போன பிறகும் அது திறப்பதில்லை. கடைசியில் மதில், மதிலுக்கு அப்பால் வேறொருவர் மனை, எல்லாம் பத்திரத்தில் பதிவு. இந்த இரண்டு வகை முட்டுச்சந்துகளும் வரைபடத்தில் ஒன்றுபோலவே தெரியும். ஒன்று காத்திருக்கிறது, மற்றது மூடிக்கொண்டிருக்கிறது. தெருச் சிதறலை, அதாவது தெருக்கள் இணைப்பிழந்து துண்டுபடுவதைப் பேசும்போது இந்த வேறுபாட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இந்த மாற்றம் நல்ல எண்ணத்தில் தொடங்கியது என்பதையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் பழைய கட்டட விதிகள் முட்டுச்சந்துகளுக்கு இடம் தரவில்லை. காற்றும் வெளிச்சமும் நுழையாத சந்துகளைக் கண்டு அஞ்சிய காலத்து விதிகள் அவை. ஹாம்ப்ஸ்டெட் தோட்டப் புறநகருக்காக 1906-ல் தனிச் சட்டமே இயற்றி அந்தத் தடையை நீக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 1929-ல் கிளாரன்ஸ் ஸ்டைனும் ஹென்றி ரைட்டும் ராட்பர்ன் குடியிருப்பை வடிவமைத்தார்கள். கார்கள் முட்டுச்சந்துகளில் வந்து நிற்கும். வீடுகளின் மறுபுறம் நடைபாதைகள், அவற்றை இணைக்கும் பூங்கா, சாலைக்கு அடியில் சுரங்கப்பாதை. குழந்தைகள் ஒரு சாலையைக்கூடக் கடக்காமல் பள்ளிக்குப் போகலாம். பின்னால் வந்த மனை நிறுவனங்கள் ராட்பர்னிலிருந்து முட்டுச்சந்தை மட்டும் எடுத்துக்கொண்டு நடைபாதையை விட்டுவிட்டன. அந்த வடிவமைப்பின் உயிரே நடைபாதைதான். நிலம் மிச்சமாகும் என்பதற்காக அதையே வெட்டியதை எண்ணினால் இன்றும் மனம் பொறுக்கவில்லை.

பிறகு பணம் தன் பங்கைச் செய்தது. 1934-ல் உருவான அமெரிக்கக் கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் வீட்டுக் கடன்களுக்குக் காப்பீடு அளித்தது. அது 1930-களில் வெளியிட்ட கையேடுகள் கட்டத் தெருக்களை மோசமான உதாரணமாகவும், வளைந்து அடங்கும் தெருக்களை நல்ல உதாரணமாகவும் படம் போட்டுக் காட்டின. பெயருக்கு அவை பரிந்துரைகள்தான். ஆனால் கடன் கிடைக்க வேண்டுமானால் அதன்படி நடப்பதுதான் புத்திசாலித்தனம். சட்டம் போடாமலேயே ஒரு நாட்டின் தெருவடிவம் மாறிப்போனது.

நூறு ஆண்டுக் கணக்கு

கிறிஸ்டோபர் பாரிங்டன்-லீ, ஆடம் மில்லார்ட்-பால் ஆகிய இருவரும் அமெரிக்காவில் 1920 முதல் 2012 வரை போடப்பட்ட தெருக்களைக் காலவரிசைப்படி அளந்து 2015-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். தெருச் சிதறலைக் காரின் குழந்தை என்று சொல்வது வழக்கம். ஆனால் கார் வீட்டுக்கு வீடு வருவதற்கு வெகு முன்பே தெருக்களின் இணைப்பு குறையத் தொடங்கிவிட்டதை அவர்கள் கண்டார்கள். சிதறல் ஏறிக்கொண்டே போய் 1994 வாக்கில் உச்சம் தொட்டது. அதன்பின் திரும்பியது: சந்திப்புகளின் சராசரி இணைப்பு என்ற அளவின்படி 1994-க்கும் 2012-க்கும் இடையே சிதறல் ஏறத்தாழ 9 சதவீதம் குறைந்தது. கட்டத் தெருக்களை ஊக்குவிக்கும் விதிகளைக் கொண்டுவந்த இடங்களில்தான் இந்த மாற்றம் அதிகம்.

அதே ஆய்வின் இன்னொரு முடிவு கசப்பானது. இணைப்புக் குறைவாகப் பிறந்த பகுதிகள், அவற்றைச் சுற்றி ஊர் வளர்ந்த பிறகும், பெரும்பாலும் அப்படியே இருந்தன. அந்த 9 சதவீதம் புதிய தெருக்களால் வந்த முன்னேற்றம். பழைய தெருக்கள் திருந்தியதால் வந்ததல்ல.

உலக அளவில் படம் இன்னும் கலவையானது. அதே ஆய்வாளர்கள் 2020-ல் வெளியிட்ட கணக்கின்படி, 1975-க்குப் பின் உலகின் பல பகுதிகளில் புதிய தெருக்கள் மேலும் மேலும் துண்டிக்கப்பட்டவையாகவே போடப்படுகின்றன. தென்கிழக்கு ஆசியாவில் இது தெளிவாகத் தெரிகிறது. லத்தீன் அமெரிக்காவின் பல பகுதிகள், ஜப்பான், தென் கொரியா, வட ஆப்பிரிக்கா ஆகியவை இணைப்பைக் காத்துவந்திருக்கின்றன. ஜெர்மனி, டென்மார்க், பிரிட்டன் போன்ற நாடுகளில் கார்களுக்கு அடைபட்ட தெருக்களை நடைவழிகளும் மிதிவண்டி வழிகளும் ஓரளவு இணைத்துவிடுகின்றன.

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. நகரப் பரவல் என்ற பேச்சில் இரண்டு வேறு விஷயங்கள் கலந்துவிடுகின்றன. மக்கள்தொகை வளர்வதைவிட வேகமாக நிலம் நகரமாவது ஒன்று. ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் இந்த இரண்டு வேகங்களின் விகிதத்துக்கென்றே ஒரு குறியீடு இருக்கிறது. தெருக்கள் துண்டுபடுவது இன்னொன்று. இரண்டும் சேர்ந்தே வர வேண்டும் என்பதில்லை. சீன நகரங்களில் அரை கிலோமீட்டர் நீளமுள்ள பெருங்கட்டங்களை மதிலால் அடைத்து, உள்ளே உயர்ந்த அடுக்குமாடிகளை எழுப்பினார்கள். நெருக்கத்துக்குக் குறைவில்லை, இணைப்பு மட்டும் இல்லை. 2016 பிப்ரவரியில் சீன அரசே, இனி மதில் சூழ்ந்த குடியிருப்புகள் கட்டப்படக் கூடாது, இருப்பவற்றின் உட்தெருக்களும் படிப்படியாகப் பொதுவுக்குத் திறக்கப்பட வேண்டும் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. குடியிருப்போரிடமிருந்து கடும் எதிர்ப்பு வந்தது. பணம் கொடுத்து வாங்கிய தெருவைப் பொதுத்தெரு ஆக்குவதா என்ற அவர்கள் கேள்வியைச் சுயநலம் என்று ஒதுக்கிவிட முடியாது. தாமதமாகச் செய்யும் எந்தத் திருத்தத்துக்கும் இதுதான் விலை.

துண்டுபட்ட தெருக்களால் என்ன நட்டம்? முதலில் அடிபடுவது நடை. ரீட் யூயிங், ராபர்ட் செர்வெரோ இருவரும் முந்தைய ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்து 2010-ல் வெளியிட்ட கணக்கில், சந்திப்புகளின் அடர்த்தி 10 சதவீதம் கூடும் இடத்தில் நடை ஏறத்தாழ 4 சதவீதம் கூடுதலாகவும், வாகனங்கள் ஓடும் தூரம் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் குறைவாகவும் இருக்கிறது. அதையடுத்து பஸ். மரவடிவக் குடியிருப்புக்குள் பஸ் நுழைந்தால் அதே வழியில் திரும்பி வர வேண்டும். அதனால் நுழைவதே இல்லை. பிரதான சாலையோடு போய்விடுகிறது. உள்ளே இருப்பவர் ஒரு கிலோமீட்டர் நடந்து வந்து ஏறுவதற்குப் பதில் இருசக்கர வாகனம் வாங்கிக்கொள்கிறார். பக்கத்துத் தெருக் கடைக்குப் போவதும் அடுத்த ஊருக்குப் போவதும் ஒரே பிரதான சாலையில் வந்து சேர்வதால் அங்கே நெரிசல். நெரிசலைத் தீர்க்கச் சாலையை அகலப்படுத்துகிறார்கள். அகலமான சாலையை நடந்து கடப்பது முன்பைவிடக் கடினமாகிறது. அமெரிக்காவின் சார்லட் நகரம் தன் தீயணைப்பு நிலையங்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது, இணைப்பு மிகுந்த பகுதியில் ஒரே நிலையம் மற்றப் பகுதிகளைவிடப் பல மடங்கு வீடுகளைக் குறித்த நேரத்தில் எட்ட முடிவது தெரிந்தது. குடிநீர்க் குழாயும் தெருவோடு போவதுதான். முனையில் முட்டி நிற்கும் குழாயில் நீர் தேங்கும். ஓரிடத்தில் உடைந்தால் அதற்கு அப்பால் யாருக்கும் தண்ணீர் இல்லை.

முட்டுச்சந்தில் வாழ்கிறவர்கள் அதை விரும்புகிறார்கள் என்பதும் உண்மை. இரைச்சல் இல்லை, தெரியாத வண்டி வராது, குழந்தைகள் வாசலில் விளையாடலாம். இந்த விருப்பத்தை மதித்துக்கொண்டே இணைப்பைக் காப்பாற்ற முடியும். நெதர்லாந்தின் ஹவுட்டன் நகரில் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குக் காரில் போக வேண்டுமானால் வெளிவட்டச் சாலைக்குப் போய்ச் சுற்ற வேண்டும். மிதிவண்டிக்கும் நடைக்கும் ஊரின் குறுக்கே நேர்வழி. கார்களுக்கு மரம், கால்களுக்கு வலை. முட்டுச்சந்தின் அமைதி வேண்டும் என்பவர்களுக்கு அதை மறுக்காமல், மதிலை மட்டும் மறுக்கும் வழி இது.

தெரு முதலில், மனை பிறகு

இணைப்பைப் பிற்காலத்தில் சேர்ப்பது அரிது என்றால், முன்கூட்டியே சேர்க்க வேண்டும். அது புதிய யோசனை அல்ல. நியூயார்க்கில் ஏறத்தாழ 1,00,000 பேர் மன்ஹாட்டனின் தென்முனையில் நெருங்கி வாழ்ந்த 1811-லேயே, தீவின் பெரும்பகுதியான வயல்கள் மீதும் பாறைகள் மீதும் 155-வது தெரு வரை கோடு போட்டுவிட்டார்கள். 1859-ல் ஏற்கப்பட்ட இல்தஃபோன்ஸ் செர்தாவின் திட்டம் பார்சிலோனாவைச் சுற்றி 113 மீட்டர் சதுரக் கட்டங்களை விரித்தது. இரண்டும் வீடு வருவதற்கு முன் தெருவுக்கு இடம் பிடித்த திட்டங்கள்.

நிலம் பலரின் கையில் சிதறிக் கிடந்தால் என்ன செய்வது? நிலத்தின் எல்லைகளே தெருக்களின் எல்லைகளாகிவிடுவதுதான் விளிம்பின் நிரந்தரச் சிக்கல். ஒருவர் நிலத்தின் வரப்பு நாளை மதிலாகிறது. ஒவ்வொருவரும் தம் வரப்புக்குள் ஒழுங்காகவே திட்டமிட்டாலும், வரப்புகளைத் தாண்டும் தெருவுக்குப் பொறுப்பாளி இல்லை. இதற்கு 1902-ல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகருக்கென வந்த சட்டம் ஒரு தீர்வு தந்தது. நிலங்கள் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, தெருவுக்கும் பொதுவிடத்துக்கும் வேண்டியதைக் கழித்துவிட்டு, மிச்சத்தை மறுபடி ஒழுங்காகப் பிரித்து உரியவர்களிடமே தருவது. நிலத்தின் பரப்பு குறையும், மதிப்பு கூடும். ஜப்பானிய நகரங்களின் கணிசமான பகுதி இப்படி உருவானதுதான். இந்தியாவில் அகமதாபாத் இதே வழியில் புறநகர்களை அமைத்துவருகிறது. அதன் வெளிவட்டச் சாலைக்கான நிலமும் பெருமளவில் இப்படித்தான் கிடைத்தது.

இத்தனை நுணுக்கமான நிர்வாகம் எல்லா நகரத்துக்கும் கைகூடாது. வேகமாக வளரும் ஊர்களுக்கு நகர வளர்ச்சி ஆய்வாளர் ஷ்லோமோ ஏஞ்சல் சொல்வது எளிமையானது: ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் இடைவெளியில் பிரதான சாலைகளுக்கான 25 முதல் 30 மீட்டர் அகலத்தை மட்டும் இப்போதே ஒதுக்கிவிடுங்கள்; சாலை போடுவது பிறகு நடக்கட்டும். எத்தியோப்பியாவிலும் கொலம்பியாவிலும் சில நகரங்கள் இதைக் கையில் எடுத்தன. எனக்கு இதில் ஒரு குறை தெரிகிறது. பிரதான சாலை வந்துவிடும், ஆனால் ஒரு சதுர கிலோமீட்டர் கட்டத்தின் உள்ளே மரவடிவம் வளர்வதை அது தடுக்காது. ஐ.நா. வாழிட அமைப்பு நகர நிலத்தில் 30 சதவீதமாவது தெருக்களாக இருக்க வேண்டும், ஒரு சதுர கிலோமீட்டரில் 18 கிலோமீட்டர் தெரு வேண்டும் என்று சொல்வதும் போதாது. நீளத்தை முட்டுச்சந்துகளாலேயே நிரப்பிவிடலாம்.

உள்தெருக்களுக்குத் தேவை ஒரு சிறிய விதி. ஒவ்வொரு மனைப்பிரிவும் தன் நான்கு எல்லைகளிலும், சுமார் 100 மீட்டருக்கு ஒன்றாக, எல்லைக்கோடு வரை ஒரு தெருவைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அடுத்த நிலம் மனையாகும்போது அதன் தெரு அங்கேதான் வந்து சேர வேண்டும். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம் 2009-ல், பக்கத்து நிலங்களோடு இணையாத குடியிருப்புத் தெருக்களை அரசுச் செலவில் பராமரிக்க ஏற்பதில்லை என்ற திசையில் விதி கொண்டுவந்தது இதனால்தான். விதி இருந்தாலும் ஒரு இடத்தில் வழுக்கும். நிறுத்திய தெருவின் முனையில் பத்தாண்டுகளாக யாரும் வரவில்லை என்றால், கடைசி வீட்டுக்காரர் அங்கே செடி வைப்பார், வண்டி நிறுத்துவார், அதைத் தம் முற்றமாகவே நினைத்துப் பழகிவிடுவார். பக்கத்து நிலத்துக்குப் புல்டோசர் வரும் நாளில் அவர் முதல் எதிர்ப்பாளர். ஆகவே அந்தத் தெரு தொடரப்போகிறது என்பது அனுமதிக் கோப்பில் மட்டும் இருந்தால் போதாது. முதல் மனை விற்பதற்கு முன்பே அது பத்திரத்தில் ஏற வேண்டும். இந்தத் தெரு அடுத்த நிலத்துக்குள் நீளும் என்ற பலகை அந்த முனையில் முதல் நாளிலிருந்தே நிற்க வேண்டும்.